தையில் பூக்கும் புல்

பொங்கல் கழிந்த மறுநாளிலிருந்து மூன்று வாரத்துக்குச் சசிரேகாவை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். காதுகுத்து, நிச்சயதார்த்தம், கோயில் கூட்டம் எதுவானாலும் அவளை விட்டுவிட்டுத்தான் தோட்டத்து லயத்தில் ஆள் சேர்ப்பார்கள். "அவ பூவுக்குப் பை மாட்டிக்கிட்டு இருப்பா" என்பார்கள். புதிதாக வந்தவர்கள் ரோஜாத் தோட்ட வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். ரோஜா இல்லை, புல். மாடு தின்கிற புல்.

ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலை மலை முடிந்து காய்கறிக்காரர்களின் பிளாஸ்டிக் கூரைகள் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. சசிரேகா இருபத்தொரு வயதில் அங்கே நாள் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் விஞ்ஞானப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். கீழே விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்துக் கடிதமும் வந்தது. அப்பா தங்கராஜு தேயிலை ஆலையில் இலை உலர்த்துகிற வேலையில் இருந்தார். "போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றுதான் சொன்னார். அம்மா இறந்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடிதத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே கிடைத்த வேலைக்குப் போனாள்.

முதல் ஏழு வருடம் களை பிடுங்கினாள், உரம் போட்டாள், தொட்டி கழுவினாள். எட்டாம் வருடம் டாக்டர் நோராய்னி வந்தார். கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரர். மாட்டு டாக்டர் இல்லை, புல் டாக்டர். வந்த முதல் வாரமே வேலையாட்களை உட்காரவைத்து, எதற்காக வந்திருக்கிறார் என்று மலாயில் சொன்னார்.

மலையில் மாடு வளர்க்கிறவர்கள் எல்லாரும் நேப்பியர் புல்தான் போடுகிறார்கள். கரும்பைப் போல ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிற புல் அது. கம்புப் பயிருக்குப் பெரியப்பா முறை என்று சொல்லலாம், அவ்வளவு நெருங்கிய உறவு. கீழே சமவெளியில், தாப்பாவில் நட்டால் வெட்ட வெட்ட வரும். இங்கே நட்டால், மழையும் மூடுபனியும் கூடுகிற கார்த்திகையில் இலை ஓரம் ஊதாவாகிக் குருத்து நின்றுவிடும். மாசி வரைக்கும் அசையாது. அந்த நான்கு மாதமும் மாட்டுக்காரன் கீழேயிருந்து லோரியில் புல் வரவழைக்க வேண்டும், இல்லையென்றால் மாட்டின் வயிற்றைக் காயப்போட வேண்டும். அதே குடும்பத்தில் இன்னொரு புல் இருக்கிறது. பனி விழுகிற நாட்டு மலையில் விளைவது. முழங்கால் உயரம்தான், தண்டு நூல் மாதிரி. ஆனால் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த இரண்டையும் இணைத்துவிட்டால்?

"கல்யாணம் பண்ணி வைக்கப் போறாங்களாம்" என்று பின்னாலிருந்து யாரோ தமிழில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சசிரேகா சிரிக்கவில்லை. எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவுக்கு, எப்படி என்று அவள் மனம் அப்போதே கேட்கத் தொடங்கியிருந்தது.

முதல் சிக்கல் மாதம். நேப்பியர் பகல் குறுகுகிற காலத்தில், மார்கழி தையில் பூக்கும். மலைப்புல்லோ பகல் நீண்டால்தான் பூப்பேன் என்று அடம் பிடித்தது. இரண்டு வருடம் ஒன்று பூக்கும்போது மற்றது வெறும் இலையாக நின்றது. மூன்றாம் வருடம் சசிரேகா ஒன்றைக் கவனித்தாள். இடம் போதாமல் வாசல் விளக்குக் கம்பத்தடியில் நட்டிருந்த ஏழு தூர்கள் மட்டும் தையிலேயே கதிர் நீட்டியிருந்தன. டாக்டரைக் கையோடு கூட்டிவந்து காட்டினாள்.

"விளக்கு வெளிச்சத்தைப் பகல்னு நெனச்சிருக்கு, டாக்டர்."

நோராய்னி கதிரைத் தொட்டுப் பார்த்தார், விளக்கை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சசிரேகாவின் முகத்தைப் பார்த்து, "நீ ஏன் படிக்கப் போகல?" என்று கேட்டார். அவள் குனிந்து தூரடியில் இருந்த களையைப் பிடுங்கினாள். அடுத்த மாதமே மலைப்புல்லுக்குத் தனிக் கூடாரம் போட்டு, வரிசையாகப் பல்பு மாட்டினார்கள். பை கட்டும் வேலை முழுவதும் சசிரேகாவிடம் வந்தது.

நேப்பியர் பூவில் பெண் பாகம் முதலில் வரும். வெள்ளை மயிர் போல, கதிர் முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதே கதிரில் மகரந்தம் வர இன்னும் மூன்று நாள் ஆகும். அந்த இடைவெளிக்குள் மலைப்புல்லின் மகரந்தத்தைக் கொண்டுபோய்த் தூவ வேண்டும். அதற்கு முன்பே காகிதப் பை மாட்டி வைக்காவிட்டால் காற்று வேறு எதையாவது கொண்டுவந்து போட்டுவிடும். காலையில் மூடுபனி விலகி, மதிய மழை இறங்குவதற்குள் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். ஈரம் பட்டால் மகரந்தம் கட்டியாகிவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் யாரிடமும் பேச மாட்டாள். பையை மெல்லத் திறந்து, மகரந்தப் பையைக் கவிழ்த்து, விரலால் இரண்டு தட்டு. மீண்டும் மூடி, நாள் எழுதிக் கட்டிவிடுவாள். ஒரு பருவத்துக்கு முந்நூறு கதிர்.

பயன்தான் இல்லை. விதை பிடிக்கும், பத்து நாள் பருக்கும், பிறகு உள்ளேயே சுருங்கிப் பதராகும். உறவு தூரமாகிவிட்டதால் தாய் தன் வயிற்றிலிருக்கும் கருவுக்குப் பால் ஊட்டத் தெரியாமல் தவிக்கிறாள் என்றார் நோராய்னி. சுருங்குவதற்கு முன்னால் கருவை ஊசிமுனையில் எடுத்து, கண்ணாடிக் குழாயில் சத்துக்கூழ் ஊற்றி வளர்த்துப் பார்க்கலாம் என்றார். அதையும் பார்த்தார்கள். குழாய்கள் எல்லாம் பழுப்பாகிப் போயின.

இந்தக் காலத்தில்தான் குணாளன் வந்தான்.

தோட்டத்து எல்லைச் சரிவில் ஏழு பசு வைத்திருந்தான். ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் தேநீர்க் கடைகளுக்குப் பால் ஊற்றுவான். பண்ணைக்கு எரு தேவைப்பட்டது. வாரம் ஒரு முறை பழைய லோரியில் கொண்டுவந்து கொட்டுவான். முதல் நாள் காகிதப் பை மாட்டிய புல்வரிசையைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"என்னாது இது, புல்லுக்குச் சட்டை போட்டு வச்சிருக்கீங்க?"

அவள் விளக்கினாள். பாதி கேட்கும்போதே அவன் முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது.

"அப்பறம் கார்த்திகையில புல்லு நிக்காதா?"

"நிக்காத புல்லு ஒண்ணு கெடைக்குமான்னுதான் பாக்குறோம்."

"எப்ப கெடைக்கும்?"

"தெரியல."

"கெடைச்சா மொதல்ல எனக்குத்தான் லா. சொல்லிட்டேன்."

"சரி" என்றாள். விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் எருவை இறக்கிவிட்டு அவன் "என் புல்லு எப்படி இருக்கு?" என்று கேட்பான். அவள் பதர்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவாள். இருவரும் ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி நிற்கிற ஒரு நிமிடத்துக்காகவே வாரம் முழுதும் காத்திருக்கிறோம் என்று அவள் உணர்ந்தபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அவளுக்குள்ளேயே வெட்கமாக இருந்தது.

அவன் நேராக அப்பாவிடமே வந்து கேட்டான். தங்கராஜுவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. "தையில வச்சிருவோம்" என்றார்.

சமையலறையிலிருந்து சசிரேகா எட்டிப்பார்த்தாள். "தையில முடியாதுப்பா. பூ."

அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். குணாளன் விழுந்து விழுந்து சிரித்தான். "விடுங்க மாமா, வைகாசியில வச்சிக்கலாம். புல்லு கல்யாணம் முடிஞ்சு அப்பறம் நம்ம கல்யாணம்." வைகாசி இருபத்தாறு என்று நாள் குறித்தார்கள். பிரிஞ்சாங்கில் துணி எடுத்தார்கள்.

அந்தத் தை வழக்கத்தை மீறி நனைந்தது. பொங்கலன்று தொடங்கிய மழை நிற்கவில்லை. மூன்றாம் நாள் தாப்பா ரோட்டில் மண் சரிந்தது, போக்குவரத்து நின்றுபோனது. கம்போங் ராஜா வழியாக ஈப்போவுக்குப் பாதை திறந்துதான் இருந்தது. ஆனால் புல் கொண்டுவருகிற லோரிக்காரர் அவ்வளவு தூரம் சுற்றி வர முடியாது என்றுவிட்டார். குணாளனிடம் இரண்டு நாள் தீவனம் இருந்தது.

நான்காம் நாள் அவன் பண்ணை வேலிக்கு வந்தான். சசிரேகா டாக்டரிடம் கேட்டு, ஓர வரிசை நேப்பியர் முழுவதையும் அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். குளிரில் ஊதாவாகியிருந்தாலும் புல் புல்தான். அவளே அரிவாள் எடுத்து அவனோடு நின்று வெட்டினாள். மூன்று நாளைக்குத் தாங்கியது.

ஏழாம் நாள் மறுபடி வந்தான். மழை சற்று விட்டிருந்தது. அவள் வெளிச்சம் கிடைத்த அவசரத்தில் கதிர்களுக்கு மகரந்தம் தட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது தூர், நான்கு வரிசை, ஒவ்வொரு தூரிலும் ஏழெட்டுப் பைகள். பண்ணையில் வெட்டக்கூடிய பச்சை அவ்வளவுதான் மிச்சம். குணாளன் வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய கண் பைகளின் மேல் போகவில்லை, பைகளுக்குக் கீழே இருந்த இலைமேல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தது அவனுக்கும் தெரிந்தது.

அவன் கேட்கவில்லை.

அவளும், "வெட்டிக்குங்க" என்று சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. கையிலிருந்த மகரந்தப் பை இன்னும் கால்மணி நேரத்தில் வீணாகிவிடும். ஐந்து வருடம். விளக்குக் கம்பத்தடி ஏழு தூர். பதர் பதராகக் கொட்டிய பருவங்கள். அவள் குனிந்து அடுத்த பையைத் திறந்தாள். நிமிர்ந்தபோது வேலியில் யாரும் இல்லை.

அன்று மாலை அவன் காய்கறித் தோட்டத்தில் கழித்துப் போட்டிருந்த கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் இலையை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து மாடுகளுக்குப் போட்டான். பசித்த மாடுகள் அள்ளி விழுங்கின. ஈரக் கோபிஸ் வயிற்றில் பொங்கும் என்று அவனுக்குத் தெரியும். கொஞ்சமாகக் கொடுக்க நினைத்தான், பசியின் முன் கொஞ்சம் என்பது எங்கே நிற்கும்? விடிவதற்குள் சினையாக இருந்த செவலைப் பசு வயிறு உப்பி விழுந்துவிட்டது. அதுதான் அவனிடமிருந்த நல்ல கறவை.

செய்தி கேட்டுச் சசிரேகா சரிவில் ஓடி இறங்கினாள். குணாளன் பசுவின் தலைமாட்டில் குந்தியிருந்தான். கோபமாகத் திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "பனியில வந்திருக்கியே, தலைக்கு ஏதும் கட்டலயா?" என்றுதான் கேட்டான்.

தீவனத்துக்கு வழியில்லாமல் ஒரு மாதத்துக்குள் மற்ற மாடுகளையும் விற்றான். பங்குனியில் சொல்லிக்கொள்ள வந்தான்.

"கீழ போறேன், சசி. தெலுக் இந்தான்ல அண்ணன் செம்பனைக் காட்டுல வேலை பாக்குறான். வரச் சொல்றான்."

"வைகாசிக்கு?"

"பாக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையை அவள் பல வருடம் உருட்டிப் பார்த்தாள். அதில் கோபம் இருந்ததா, களைப்பு இருந்ததா, இல்லை வெறும் பாக்கலாம்தானா என்று அவளால் கடைசிவரை பிரித்தெடுக்க முடியவில்லை.

அந்தப் பருவத்துக் கருக்களில் மூன்று, கூழில் பச்சை காட்டின. முதலில் நோராய்னியே நம்பவில்லை. இரண்டு குழாய் ஒரு வாரத்தில் பழுத்தன. மூன்றாவது நின்றது. நூல் தடிமனில் ஒரு இலை, பிறகு இன்னொன்று. குழாயில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துச் சசிரேகா நோட்டைப் புரட்டினாள். நான்காம் வரிசை, மழை விட்டிருந்த அந்தக் காலையில் தட்டியது. அவள் நோட்டை மூடிவிட்டு வெளியே போய், யாரும் பார்க்காத இடத்தில் அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

வைகாசி இருபத்தாறு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா அன்று முழுவதும் முற்றத்துச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் குணாளன் போன் செய்தான்.

"நீ இங்க வர்றியா, சசி? இங்கயே கோயில்ல வச்சிக்கலாம்."

"ஒண்ணே ஒண்ணு பொழைச்சிருக்கு. இப்பத்தான் மூணு தூரா பிரிச்சிருக்கோம். டாக்டர் வேற ரெண்டு வருஷம் வெளிநாட்டுக்குப் போறாங்க. ஆடி முடியுற வரைக்கும் பொறுத்துக்குங்களேன்."

 "நல்லா பாத்துக்க" என்றான் அவன். புல்லைச் சொன்னானா அவளையா என்று அவள் கேட்கவில்லை.

யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. நோராய்னிகூட, "போறதா இருந்தா போ, வேற ஆளைப் பழக்குறேன்" என்றுதான் சொன்னார். அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. புல்லை விட்டுவிட்டு அவனிடம் போனால், செவலை செத்தது வெறுமனே செத்ததாகிவிடும் என்று ஒரு எண்ணம் அவளுக்கு இருந்தது. சரியோ தவறோ, அந்த எண்ணத்திலிருந்து அவளால் வெளியே வர முடியவில்லை. ஆடி போனது. தீபாவளிக்கு அவன் மேலே வந்தான், மாமாவுக்கு வேட்டி கொடுத்தான், அவளிடம் இரண்டு வார்த்தை பேசினான். அடுத்த தீபாவளிக்கு வரவில்லை. அதற்கும் அடுத்த வருடம் கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண் பெயர் சீதா. அப்பா பத்திரிகையைப் படித்துவிட்டு நாற்காலியில் வைத்தார். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொண்டுபோய் விட்டிருப்பேம்மா" என்றார். அவள், "சோறு ஆறுதுப்பா" என்றாள்.

பிறகு வந்த வருடங்களில் அவளைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசமாக ஒன்றும் தெரிந்திருக்காது. காலையில் பண்ணை, மாலையில் அப்பா, ஞாயிறன்று கோயில். மாட்டுக் கொட்டாய் இருந்த சரிவில் காட்டுச்செடி ஏறிவிட்டது. பண்ணைக்கு அதைத் தாண்டித்தான் போவாள். வேறு வழியும் இருந்தது, அதில் பத்து நிமிடம் குறையும். அவள் அதில் போனதே இல்லை. எரு கொட்டும் வியாழக்கிழமைகளில் புதிய லோரிக்காரன் வந்து போன பின்பும் கொஞ்ச நேரம் வாசலைப் பார்ப்பாள். தாப்பா பஸ் ரிங்லெட்டில் நிற்கும்போது இறங்குகிறவர்களைக் கடைசி ஆள்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். வரமாட்டான் என்று தெரியும். தெரிவதற்கும் பார்ப்பதற்கும் சம்பந்தமில்லை.

புல் வளர்ந்தது. தாயின் உயரம் வரவில்லை, ஆள் மார்பளவுக்கு வந்தது. தந்தையின் நூல் தண்டு இல்லாமல் விரல் தடிமனில் தண்டு. பூத்தது, ஆனால் ஒரு விதைகூட வைக்கவில்லை. இனம் விட்டு இனம் கலந்தவை பெரும்பாலும் அப்படித்தான் என்றார் வெளிநாட்டிலிருந்து திரும்பிய நோராய்னி. விதை இல்லாத புல்லுக்கு மனிதக் கைதான் வழி. தூரைப் பிரித்து நட வேண்டும், அதைப் பிரித்து மறுபடி நட வேண்டும். ஒரு தூர் மூன்றாகி, மூன்று இருபதாகி, ஆறு வருடத்தில் அரை ஏக்கர் ஆனது. அத்தனையையும் பிரித்தது அவள் கை. ஒரு தையில் காலை வெப்பம் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கியது. பக்கத்து நேப்பியர் ஊதாவாகிச் சுருண்டு நின்றபோது இது மட்டும் பச்சையாக, பனித்துளி சொட்டச் சொட்ட, புதுக் குருத்து விட்டது. நோராய்னி வரிசையின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார். சசிரேகாவும் சிரித்தாள். யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல வேண்டிய ஆள் இருநூறு கிலோமீட்டருக்குள்தான் இருந்தான். சொல்ல முடியாத தூரம் அது.

மாட்டுக்காரர்களுக்கு நடுவதற்குத் தண்டுத் துண்டு கொடுக்கத் தொடங்கினார்கள். கம்போங் ராஜா லூர்தம்மாள் ஒன்பது மாடு வைத்திருப்பவள். நாக்கில் தேன் தடவிப் பேசத் தெரியாதவள். முதல் வருடம் துண்டை வாங்கும்போது, "பேப்பர்ல எழுதுற புல்லா, மாடு திங்கிற புல்லா?" என்று கேட்டாள். அடுத்த குளிரில் அவளே வேனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா சசி, மார்கழி முழுக்க லோரி கூப்பிடலம்மா நான். மாடு பால் கொறைக்கல. என் தங்கச்சிக்கு இன்னும் ரெண்டு கட்டு குடு." பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவளாக, "அந்தக் குணா இருந்தானே, பாவம், அப்பவே இது இருந்திருந்தா அவன் போயிருக்க மாட்டான். அங்க ரெண்டு மாடு வச்சிருக்கானாம்" என்றாள். அவளுக்கு உள்கதை ஒன்றும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சசிரேகா பன்னிரண்டு துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு தாப்பா பஸ்ஸில் ஏறினாள். தாப்பாவில் பஸ் மாறித் தெலுக் இந்தான் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வெயில் முகத்தில் அறைந்தது. மலையில் நினைத்தபோது தெளிவாக இருந்த காரணம் அந்த வெயிலில் கரையத் தொடங்கியது. அவன் கேட்டு வைத்திருந்த புல், முதலில் அவனுக்குத்தான் என்று சொல்லியிருந்தேன், அதைக் கொடுக்க வந்தேன். அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வாசலில் சீதாதான் நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"ஐயோ, நீங்களாக்கா? அவரு சொல்லியிருக்காரு. உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க."

குணாளனுக்கு முன்தலை நரைத்திருந்தது. சாக்கைப் பிரித்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கணுவைத் தடவிப் பார்த்தான். அந்த விரல்களைப் பார்க்காமல் இருக்க அவள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"இதுதானா?" என்றான்.

"இதுதான்."

"குளிர்ல நிக்குதா?"

"பன்னெண்டு டிகிரியில நின்னுச்சு."

அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். வீட்டுக்குப் பின்னால் சாதாரண நேப்பியர் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. இங்கே அவனுக்கு எந்தப் புல்லும் குறையில்லை என்று மூவருக்கும் தெரிந்தது. சீதாதான் முதலில் பேசினாள். "மலைப் புல்லுன்னா நெழல்ல வச்சாத்தான் பொழைக்கும், இல்லக்கா? தண்ணித் தொட்டிக்குப் பின்னால வைக்கிறேன்." அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். சசிரேகா குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டாள். சாப்பாடு போட்டார்கள். மீன் குழம்பு. சீதா இரண்டாம் முறை கேட்காமலே பரிமாறினாள்.

பஸ் நிறுத்தம்வரை குணாளன் கூடவே நடந்து வந்தான். 

"அன்னிக்கு வேலியில நின்னேன்ல" என்றான்.

"ம்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

எத்தனையோ இரவு இந்தக் கேள்விக்கு அவள் பதில் தயாரித்திருந்தாள். கொடுத்திருப்பேன், நீங்கதான் கேக்கல என்பது ஒன்று. இப்போது வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"குடுத்திருக்க மாட்டேன்" என்றாள்.

அவன் மூச்சை விட்டான். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அதான் கேக்கல. கேட்டு நீ இல்லன்னு சொல்லிட்டா, அப்பறம் ஒன்ன எப்படிப் பாக்குறதுன்னு."

"செவலைய நெனச்சு..." என்று தொடங்கினாள். 

"அது கோபிஸ் தின்னு செத்துச்சு, சசி. கோபிஸ் போட்டது நானு. ஒன்னைக் கோவிச்சுக்கிட்டு நான் எறங்கி வரல. மாடில்லாத கொட்டாயப் பாத்துக்கிட்டு இருக்க முடியல, அதான் வந்தேன்." சற்று நின்று சொன்னான்: "நீ வருவேன்னு ஒரு வருஷம் இருந்தேன்."

"நானும் வரணும்னுதான் இருந்தேன்."

பஸ் வந்தது. அவன் கைநீட்டி நிறுத்தினான். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தபோது அவன் பஸ்ஸைப் பார்க்காமல் சாலையின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் நகர்ந்த பின்புதான் திரும்பினான்.

தாப்பாவிலிருந்து மேலேறும் வளைவுகளில் அவள் அழுதாள். ரிங்லெட்டில் இறங்கும்போது அழுகை நின்றிருந்தது. ஏக்கம் மட்டும் குறையவே இல்லை. பதில் கிடைத்தால் இறங்கிவிடும் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தாள். பதில் கிடைத்தபின் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். முன்பு அந்த ஏக்கத்தில் குற்றவுணர்வும் கலந்திருந்தது. இப்போது அவன் மட்டும்தான் இருந்தான்.

பண்ணையில் இன்று அந்தப் புல்லுக்கு ஒரு எண் இருக்கிறது. மலையில் யாரும் அந்த எண்ணைச் சொல்வதில்லை, குளிர்ப்புல் என்கிறார்கள். கம்போங் ராஜாவிலிருந்து ரிங்லெட்வரை முப்பது குடும்பங்களுக்கு மேல் வைத்திருக்கின்றன. நோராய்னி ஓய்வு பெற்றுக் கிளந்தானுக்குப் போய்விட்டார். சசிரேகாவுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. நிரந்தர வேலை, புதிதாக வருகிற பட்டதாரிகள் அவளைக் கேட்டுத்தான் பை கட்டுகிறார்கள். விதை வைக்கிற ஒரு புல்லுக்காக மறுபடி முயற்சி நடக்கிறது. தையில் அவளை இன்னும் யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை.

தெலுக் இந்தான் போய்வந்த இரண்டாம் மாதம் சீதா வாட்சப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். "பன்னெண்டுல ரெண்டு பொழைச்சிருக்குக்கா. எலை கொஞ்சம் வெளுத்திருக்கு. என்னா செய்யட்டும்?"

தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு மெலிந்த தூர்கள். சசிரேகா விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இலை நுனி, கணு, மண்ணின் ஈரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படத்தின் வலது ஓரத்தில், சேறு படிந்த கறுப்பு ரப்பர் பூட்ஸில் ஒரு ஆணின் கால், முழங்காலுக்குக் கீழே மட்டும் விழுந்திருந்தது. புல்லைப் பார்க்கக் குந்தப்போகிறவன்போல லேசாக மடங்கியிருந்தது. அதை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பதில் எழுதினாள். "தண்ணி கொறச்சு ஊத்துங்க. பழைய சாணி ஒரு கை வையுங்க. வெளுத்தாலும் வெட்டாதீங்க, விட்டுடுங்க."